மகவுக்காகக் காத்திருத்தல்: ‘ஹோலி லோலா’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

மக்கட்பேற்றின் மாண்பைத் தமிழ் நூல்கள் பலபடப் பேசியுள்ளன. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். எத்துணைச் செல்வம் படைத்தோராயினும் குழந்தை இல்லையேல் அவர்தம் வாழ்நாள் பயனற்றது என்னும் கருத்தைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றிலே நிலைநாட்டினான். ஆயினும், இவை பேறு வாய்த்தபின் எழும் இன்பத்தையோ வாய்க்காமையால் வரும் துன்பத்தையோ கூறுவன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காத்திருப்பு நூல்களில் பெரிதும் விரிக்கப்படுவதில்லை. புராண இதிகாசங்களில் அது தவம், வேள்வி, வரம் என்னும் மூன்று சொற்களுள் அடங்கிவிடுகின்றது. தசரதன் நெடுங்காலம் மகப்பேறின்றி இருந்தான் என்பது யாவரும் அறிந்ததே. அக்காலத்தில் அயோத்தியின் அரண்மனையில் ஒவ்வொரு நாளும் எவ்வாறு விடிந்து எவ்வாறு கழிந்தது என்பதோ எவரும் அறியாதது.

இதற்குக் காரணம் காண்டல் அரிதன்று. காப்பியமும் நாடகமும் நிகழ்ச்சியால் வளர்வன. காத்திருப்போ நிகழ்ச்சி இன்மையால் ஆயது. நாள்கள் செல்கின்றன, உண்பதும் உறங்குவதும் நடைபெறுகின்றன, வேண்டியது மட்டும் நிகழ்வதில்லை. அயல்நாட்டிலிருந்து ஒரு பிள்ளையை மகவேற்க விழையும் தம்பதியரின் காத்திருப்பு இதனினும் ஒருபடி கடியது. கருவுற்ற தாய்க்குத் திங்கள் பத்து என்னும் எல்லையேனும் உண்டு; அவள் உடலே அவளுக்கு நாட்காட்டியாகின்றது. மகவேற்போர்க்கு அத்தகைய எல்லையும் இல்லை, அடையாளமும் இல்லை. அவர்தம் எல்லை பிறர் கையில், ஒரு கோப்பினுள், ஒரு முத்திரைக்காகக் காத்துக் கிடக்கின்றது. இத்தகைய வாழ்வைக் கலைப்பொருளாகக் கொள்ளத் துணிந்தோர் சிலரே. அவருள் ஒருவர் பிரான்சிய நெறியாளர் பேர்த்ரான் தாவேர்னியே. அவர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஹோலி லோலா’ என்னும் திரைப்படம் இவ்வாய்வுக்கு உரிய பொருளாகும்.

தாவேர்னியே 1941இல் லியோன் நகரிற் பிறந்து 2021இல் மறைந்தவர். நிறுவனங்களுக்கும் அவற்றிடையே அல்லலுறும் எளிய மாந்தர்க்கும் உள்ள தொடர்பைக் கூர்ந்து நோக்குதல் அவர்தம் கலையின் ஒரு பண்பு. காவற்றுறையினரின் அன்றாட வாழ்வை 1992இல் வெளிவந்த படமொன்றிலும், வறிய ஊரொன்றின் பாலர் பாடசாலைத் தலைமையாசிரியரின் அன்றாட வாழ்வை 1999இல் வெளிவந்த படமொன்றிலும் அவர் காட்டினார். பின்னைய படத்தின் எழுத்தில் அவர்தம் மகள் திஃபானி தாவேர்னியேயும், முன்னாள் ஆசிரியரான தொமினிக் சாம்பியேரோவும் பங்கு கொண்டனர். ‘ஹோலி லோலா’வின் எழுத்தும் இம்மூவருடையதே. எனவே, பெருநிகழ்ச்சிகளை விடுத்து நாட்கடனை நோக்கும் பயிற்சி இப்படத்துக்கு முன்னரே இவர்களுக்குக் கைவந்திருந்தது என்பது கருதற்பாலது.

படத்தின் கதை சில தொடர்களிற் சொல்லத்தக்கது. பியேர் என்னும் மருத்துவரும் அவர் மனைவி ஜெரால்தீனும் குழந்தைப்பேறு வாய்க்காதவர்கள். கம்போடியாவில் ஒரு குழந்தையை மகவேற்கும் நோக்குடன் அவர்கள் நொம் பென் நகரத்தை அடைகின்றனர். ஒரு விடுதியில் தங்குகின்றனர். அதே நோக்குடன் வந்த பிற பிரான்சியத் தம்பதியரும் அவ்விடுதியிலே தங்கியுள்ளனர். அநாதை இல்லம் ஒவ்வொன்றாகச் சென்று கேட்டல், அலுவலகங்களில் நிற்றல், ஆவணங்களைத் திரட்டல், இடைத்தரகரைச் சந்தித்தல், மீண்டும் விடுதிக்குத் திரும்பல் என்பன அவர்தம் நாள்களாகின்றன. இறுதியில் அவர்கள் ஒரு பெண் குழந்தையை அடைகின்றனர். படத்தின் பெயரிலுள்ள லோலா அக்குழந்தையே. ஜாக் காம்ப்ளேன் கணவனாகவும் இசபெல் காரே மனைவியாகவும் நடித்துள்ளனர். படப்பிடிப்பும் கம்போடியாவிலேயே நிகழ்ந்தது.

இப்படத்தின் முதற்சிறப்பு, காத்திருப்பைச் சுருக்காது காட்டியமையாகும். திங்கள் பல கடந்தன என்று ஓர் அறிவிப்பால் முடித்துவிடத்தக்கதை நெறியாளர் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக விரிக்கின்றார். ஒரே படியை ஏறுதல், ஒரே வினாவைக் கேட்டல், ஒரே விடையைப் பெறுதல் ஆகியன மீண்டும் மீண்டும் வருகின்றன. பிறிதொரு கதையிற் குற்றமாகக் கொள்ளப்படும் கூறியது கூறல் ஈண்டு பொருளோடு பொருந்திய முறையாகின்றது. பார்ப்போன் சலிப்படைகின்றான், அச்சலிப்பே தம்பதியரின் சலிப்பை அவனுக்கு உணர்த்துகின்றது. ஒரு முத்திரைக்காக ஒரு பகல் முழுதும் கழிந்ததைச் சொல்லிக் கேட்பது வேறு, அப்பகலின் ஒரு கூறையேனும் உடனிருந்து கழிப்பது வேறு.

இரண்டாவது சிறப்பு இல்வாழ்க்கையைப் பற்றியது. மகவை வேண்டி ஒன்றாகப் புறப்பட்ட இருவர் ஒன்றாகவே காத்திருப்பர் என்று எண்ணுதல் இயல்பு. படம் காட்டுவது வேறு. நம்பிக்கை இருவரிடத்தும் ஒரே வேளையில் இருப்பதில்லை. ஒருவர் உறுதி கொள்ளும் நாளில் மற்றவர் தளர்கின்றார். ஒருவர் மீண்டுவிடலாம் என எண்ணும்போது மற்றவர் இன்னும் ஓர் இல்லத்துக்குச் சென்று பார்க்கலாம் என்கின்றார். வெளியே அலுவலரிடம் காட்டவியலாத சினம் அறையினுள் ஒருவர்மேல் ஒருவர் காட்டுஞ் சினமாக மாறுகின்றது. ‘பிள்ளை வந்தபின் வாழ்வோம்’ என்று வாழ்வையே ஒத்திவைத்தவர்கள், ஒத்திவைத்த அந்நாள்களே தம் வாழ்வாகிவிட்டதை மெல்ல உணர்கின்றனர். பெருஞ்சொல்லாடல்களால் அன்றி, முகக்குறிப்பாலும் பேசாது நிற்கும் நிலையாலும் இவ்வுணர்ச்சியை இரு நடிகரும் புலப்படுத்துவது பாராட்டுக்குரியது.

மூன்றாவதாக நோக்கற்பாலது விடுதி வாழ்க்கை. ஒரே வேண்டுதலுடன் ஓரிடத்திற் கூடியவர்கள் அடியார் கூட்டம்போல் ஒருவருக்கொருவர் துணையாதல் வேண்டும். அவ்வாறு துணையாகவும் செய்கின்றனர், செய்தி பகிர்கின்றனர், ஆறுதல் கூறுகின்றனர். ஆயின் ஒரு தம்பதியர்க்குப் பிள்ளை கிடைத்த நாளில் மற்றையோர் முகங்களிற் காணப்படுவது மகிழ்ச்சி மட்டும் அன்று. பெறக்கூடிய குழந்தைகள் சிலர், பெற விழைவோர் பலர் என்னும் நிலையில் நட்பினுள்ளே போட்டி புகுகின்றது. எந்த அலுவலரை எவ்வாறு அணுகினர் என்பதைச் சிலர் மறைக்கின்றனர். நல்லோர் பலர் கூடிய இடத்திலும் இல்லாமை அழுக்காற்றைத் தோற்றுவிக்கும் என்னும் உண்மையை எவரையும் கொடியவராக்காமலே படம் நிறுவுகின்றது.

இங்ஙனம் கூறப்பட்ட மூன்றும் கலைச்சிறப்புக்கள். இவற்றினும் ஆழமானது படத்தினுள்ளே நிகழும் அறச்சோதனை. பியேரும் ஜெரால்தீனும் குழந்தையை விலைக்கு வாங்க வந்தவர் அல்லர். அவ்வாறு எவரேனும் சொன்னால் அருவருப்போடு மறுப்பர். ஆயினும் கோப்பு நகர்வதற்கு ஓர் அன்பளிப்பு, பின்னர் வேறொருவருக்கு இன்னோர் அன்பளிப்பு, வழிகாட்டுவோனுக்குச் சிறிது கூடுதற்பணம் என்று படிப்படியாக அவர்கள் செல்லும் வழி, தாம் மறுத்த இடத்துக்கே அவர்களை அண்மையிற் கொண்டுவந்து நிறுத்துகின்றது. எந்தப் படியில் உதவி முடிந்து விலை தொடங்கிற்று என்று காட்டுதல் அரிது. தீயவர் தீமை செய்வதைக் காட்டுதல் எளிது. நல்லவருடைய நல்விருப்பம் தானே ஒரு சந்தையை உண்டாக்கும் வகையைக் காட்டுதல் அரிது. தாவேர்னியே இரண்டாவதைச் செய்துள்ளார்.

இது கற்பனை அன்று என்பதற்கு வரலாறு சான்று. 1975 முதல் 1979 வரை நிகழ்ந்த கெமர் ரூஜ் ஆட்சியாலும் அதன்பின் தொடர்ந்த போராலும் கம்போடியாவின் குடும்பங்களும் நிறுவனங்களும் சிதைந்தன. பிற்காலத்தில் அந்நாட்டிலிருந்து அயல்நாடுகளுக்குக் குழந்தைகள் அனுப்பப்பட்ட முறையிற் பெருங்குறைகள் காணப்பட்டன. அநாதையர் எனக் குறிக்கப்பட்ட குழந்தைகள் சிலர்க்குப் பெற்றோர் இருந்தனர் என்னும் முறைப்பாடு எழுந்தது. அதன் விளைவாக ஐக்கிய அமெரிக்கா 2001 டிசெம்பரில் கம்போடியாவிலிருந்தான மகவேற்பை இடைநிறுத்தியது. படம் வெளிவந்த அதே 2004ஆம் ஆண்டில், இத்தொழிலில் ஈடுபட்ட அமெரிக்கப் பெண் ஒருவர் நுழைவிசைவு மோசடி முதலான குற்றங்களுக்காக அந்நாட்டு நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார்.

சட்டநிலையையும் ஈண்டு ஒப்பிடுதல் பயனுடையது. நாடுகளுக்கிடையிலான மகவேற்புப் பற்றிய ஹேக் சமவாயம் 1993 மே 29ஆம் நாள் நிறைவுசெய்யப்பட்டது. குழந்தைக்குத் தன் நாட்டிலேயே தக்க குடும்பம் கிடைக்குமாவெனக் கருதிய பின்னரே அயல்நாட்டு மகவேற்பு ஆராயப்படல் வேண்டும். தாயின் இசைவு குழந்தை பிறந்தபின் பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். அவ்விசைவு பணத்தாற் பெறப்பட்டதாக இருத்தல் ஆகாது என்பன அதன் விதிகளுட் சில. அதன் 29ஆம் உறுப்புரை, உரிய படிமுறைகள் நிறைவேறுமுன் மகவேற்க விழைவோர் குழந்தையின் பெற்றோரையோ அதனைப் பராமரிப்போரையோ பொதுவாகத் தொடர்பு கொள்ளலாகாது என விதிக்கின்றது. கம்போடியா இச்சமவாயத்திற் சேர்ந்தது 2007இல். படத்தின் காலத்தில் அது அந்நாட்டைக் கட்டுப்படுத்தவில்லை.

இதிலிருந்து திறனாய்வாளர் மறத்தலாகாத ஓர் உண்மை பெறப்படுகின்றது. படத்தின் நாடகம் முழுவதும் எதனால் இயங்குகின்றது? தம்பதியர் தாமே இல்லம் இல்லமாகச் சென்று, பராமரிப்போரைக் கண்டு, பிள்ளை கேட்பதனால் இயங்குகின்றது. சமவாயம் தடுப்பது சரியாக அதனையே. தம்பதியரின் ஏக்கத்தையும் விடாமுயற்சியையும் கண்டு பார்ப்போன் உருகும் அவ்விடமே, குழந்தையின் நலத்தைக் கருதுவோர் அஞ்சும் இடம். கதவைத் தட்டும் ஒவ்வொரு கையும், அக்கதவுக்கு அப்பால் இருப்போனுக்கு, ‘குழந்தைக்கு வேண்டுவோர் உளர்’ என்னும் செய்தியைச் சொல்கின்றது. விடாமுயற்சி எங்கும் ஒருபடித்தாக அறமாகாது. எதனைக் குறித்த முயற்சி என்பதே அதன் தரத்தை வரையறுக்கின்றது.

இவ்விடத்திற் படத்தின் குறையும் புலனாகின்றது. இருவருடைய காத்திருப்பை இத்துணை நுணுக்கமாகக் காட்டிய படத்தில் மூன்றாமவள் ஒருத்தி பெரிதும் காணப்படவில்லை. அவள் குழந்தையைப் பெற்றவள். குழந்தை எங்கிருந்து வந்தது என்னும் ஐயம் படத்தில் எழாமலில்லை. ஆயின் அது பெரும்பாலும் தம்பதியர்க்கு நேரக்கூடிய இடராகவே எழுகின்றது. பெற்றவளுக்கு நேர்ந்த இழப்பாக அத்துணை அழுத்தத்துடன் எழவில்லை. ஒரு கலைஞன் தன் நோக்கெல்லையைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை உடையவன். விடுதியினுள் இருப்போரின் கதையைச் சொல்லத் தொடங்கியவன் வெளியில் உள்ளோர் அனைவரின் கதையையும் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன் என்று படத்தின் சார்பிற் கூறலாம். அது ஓரளவுக்கு ஏற்கத்தக்கதே. ஆயின், எல்லைக்குள் இருப்போர் காண விரும்பாத ஒன்றே எல்லைக்கு வெளியே நிற்குமாயின், அவ்வெல்லையைச் சுவராகக் காட்டுதல் கலைஞன் கடன். ‘ஹோலி லோலா’ அச்சுவரைச் சில இடங்களிலேயே காட்டுகின்றது.

இக்குறையை விளக்குதற்கு ஏறக்குறைய அதே காலத்தில் வெளிவந்த மற்றொரு படத்தை ஒப்புநோக்கல் தகும். அமெரிக்க நெறியாளர் ஜோன் செயில்ஸ் 2003இல் வெளியிட்ட ‘காசா தெ லோஸ் பேபிஸ்’ என்னும் படமும் இதே பொருளை உடையது. பெயர் குறிக்கப்படாத ஒரு லத்தீன் அமெரிக்க நாட்டில், மகவேற்க வந்த ஆறு பெண்கள் ஒரு விடுதியிலே தங்கிக் காத்திருக்கின்றனர். ஆயின் செயில்ஸ் விடுதிக்குள் நின்றுவிடவில்லை. தெருவிலே வளரும் சிறுவர், வேலையற்ற ஆடவர், கருவுற்ற ஓர் இளம்பெண்ணை அழைத்துச் செல்லும் அவள் தாய் என வெளியிலுள்ளோரையும் அவர் காட்டுகின்றார். அப்படத்தின் உயிர்நிலை ஒரு காட்சி. விடுதியிற் பணிசெய்யும் அசுன்சியோன் என்னும் பெண்ணும், அயர்லாந்திற் பிறந்து அமெரிக்காவில் வாழும் அய்லீன் என்னும் பெண்ணும் ஓர் அறையில் உரையாடுகின்றனர். அய்லீன் தான் பெறப்போகும் மகளுடன் கழிக்க எண்ணும் ஒரு பனிநாளைத் தன் மொழியில் வருணிக்கின்றாள். அசுன்சியோன் தான் பெற்று வடநாட்டுக்குக் கொடுத்துவிட்ட மகளைப் பற்றித் தன் மொழியிற் கூறுகின்றாள். ஒருத்தி மொழி மற்றவளுக்கு விளங்காது. கேட்டுக்கொண்டிருப்போன் மட்டுமே இருவர் சொல்லையும் அறிகின்றான்.

கட்டமைப்பில் செயில்ஸின் படம் தாவேர்னியேயின் படத்துக்குச் சிறிது தாழ்ந்ததே. பாத்திரங்கள் பலராதலின் எவரும் முழுமையாக வளரவில்லை. காத்திருப்பின் சுமை ‘ஹோலி லோலா’விற்போல் உடலிற் படுவதில்லை. ஆயினும், மேற்கூறிய அக்காட்சி ஒன்றினால் அது முன்னைய படம் முழுவதாலும் சொல்லப்படாத ஒன்றைச் சொல்லிவிடுகின்றது. காத்திருப்போர் இரு புறத்தும் உளர். ஒருத்தி வரவுக்காகக் காத்திருக்கின்றாள், மற்றவள் செய்திக்காகக் காத்திருக்கின்றாள் என்பதே அது.

தமிழ் மரபில் இச்செய்தி புதிதன்று. சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு சைவர் அனைவரும் அறிந்தது. திருநாவலூரிலே சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையை நரசிங்கமுனையரையர் கண்டார்; பெற்றோரிடம் வேண்டிப் பெற்றுத் தம் மகனாக வளர்த்தார். வளர்த்தவரின் அன்பை விதந்துரைத்த மரபு பெற்றவரை மறைக்கவில்லை. தந்தை சடையனார், தாய் இசைஞானியார், வளர்த்த முனையரையர் ஆகிய மூவரும் அறுபத்துமூவருள் வைத்துப் போற்றப்படுகின்றனர். வைணவ மரபிலோ இவ்விரு நிலையும் இரு கவிஞரால் இரு பாடற்றொகுதிகளாகவே விரிகின்றன. பெரியாழ்வார் வளர்த்த தாயாகிய யசோதையின் களிப்பைப் பாடினார். துளசித் தோட்டத்திற் கண்டெடுத்த ஆண்டாளை வளர்த்த அவர் அக்களிப்பைத் தாமும் அறிந்தவர். குலசேகராழ்வாரோ தம் பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில், பெற்றும் வளர்க்கப்பெறாத தேவகியின் புலம்பலைப் பாடினார். யசோதையின் பாட்டு எத்துணை இனிமையுடையதாயினும், தேவகியின் பாட்டு இன்றேல் கண்ணனின் பிள்ளைப்பருவக் கதை பாதியாகவே நின்றிருக்கும். ‘ஹோலி லோலா’ யசோதை பாட்டின் முற்பகுதி; அதில் தேவகி பாட்டு இல்லை.

இவ்வேறுபாட்டை இலங்கை வாசகர் ஏனையோரினும் கூர்மையாக உணரக் காரணம் உண்டு. இந்நாடு விடுதியில் வந்து தங்கியோரின் நாடன்று. குழந்தைகள் புறப்பட்ட நாடு. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றற் கட்டளைச்சட்டம் இங்கு நெடுங்காலமாக இருந்தும், 1980ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பச்சிளங் குழந்தைகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவற்றுட் பலவற்றில் ஆவணங்கள் பொய்யாக ஆக்கப்பட்டன. பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொருத்தி தாயென நிறுத்தப்பட்டதும் உண்டு. வளர்ந்து ஆளாகித் தாயைத் தேடி வந்தோர் சிலர், தம் பிறப்புப் பத்திரத்திலுள்ள பெயருக்குரிய பெண் தம்மைப் பெறாதவள் என்று அறிந்தனர். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இதனை உலகறியச் செய்தது. சுவிற்சர்லாந்து அரசு 2020 டிசெம்பரில் இலங்கைக் குழந்தைகள் தொடர்பாகத் தன் அதிகாரிகள் தவறியமையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்தான மகவேற்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கையை அடுத்து நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் அயல்நாட்டு மகவேற்பை இடைநிறுத்தியது. மறுபக்கத்தில், ஹேக் சமவாயம் நடைமுறைக்கு வர மூன்று நாடுகளின் ஏற்புறுதி வேண்டியிருந்தது; மெக்சிக்கோவுக்கும் ருமேனியாவுக்கும் பின் மூன்றாவதாக 1995 ஜனவரியில் அதனை ஏற்றுறுதிப்படுத்திய நாடு இலங்கையே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு மே 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

இவ்வரலாற்றைக் கொண்டு பியேரையும் ஜெரால்தீனையும் குற்றவாளிகளாக்குதல் நேர்மையாகாது. ஐரோப்பாவில் அக்குழந்தைகளை ஏற்ற பெற்றோருட் பலர் பொய்யாவணங்களை மெய்யென்றே நம்பியவர்கள். அவர்களும் பல நாள் காத்திருந்தவர்கள். ஓர் அறையை ஆயத்தப்படுத்தி, ஒரு பெயரைத் தெரிந்து, தபாற்காரனை எதிர்நோக்கியவர்கள். அவர்தம் அன்பு பொய்யன்று. அன்பு மெய்யாக இருந்தும் அநீதி நிகழக்கூடும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் கடினமான பாடம். கொடுமை செய்தோரை வெறுத்துவிட்டு அமைதி கொள்ளலாம். இவர்களை வெறுக்கவும் இயலாது, நிகழ்ந்ததை மறக்கவும் இயலாது. தாவேர்னியேயின் படம் இப்பாடத்தின் முதற்பாதியை நன்கு கற்பிக்கின்றது. அப்பாதியைக் கல்லாதவன் இரண்டாம் பாதியையும் செவ்வனே கல்லான். காத்திருந்தோரின் ஏக்கத்தை அறியாதவனுக்கு, அவ்வேக்கத்தைப் பயன்படுத்திக்கொண்ட வணிகம் எவ்வாறு வளர்ந்தது என்பது விளங்காது.

ஆகவே ‘ஹோலி லோலா’வை ஒதுக்குதலும் வேண்டா, வியந்து அமைதலும் வேண்டா. காத்திருப்பின் அன்றாடத்தைத் திரையில் நிறுத்திய வகையில் அது உயர்ந்த படம்; இல்வாழ்வின் நுண்ணிய அசைவுகளைக் காட்டிய வகையில் இன்னும் உயர்ந்தது. பெற்றவளை வெளியே விட்ட வகையில் அது நிறைவுபெறாத படம். அதனைக் காண்போர் செயில்ஸின் படத்தையும் உடன் காணல் நன்று. தமிழ் கற்போர் குலசேகரரின் ஏழாம் திருமொழியையும் உடன் வைத்து எண்ணல் நன்று. அவ்வாறு எண்ணும்போது, லோலா என்னும் பெயரைப் பெற்ற அக்குழந்தைக்கு அதற்குமுன் என்ன பெயர் இருந்தது, அப்பெயரை இட்டவள் யார் என்னும் வினாக்கள் எழும். படம் விடையிறாத அவ்வினாக்களைப் பார்ப்போனேனும் கேட்டல் வேண்டும்.